இறுகிய கையும் இலகுவான வீச்சும்

முயற்சியைப் போற்றுவது நமது மரபு. பல்லைக் கடித்துக்கொண்டு பாடுபடுபவனே வாழ்வில் உயர்வான் என்று வீட்டிலும் பள்ளிக்கூடத்திலும் மேடையிலும் இடைவிடாது சொல்லப்பட்டு வருகின்றது. தளர்ச்சி என்ற சொல்லோ நமது செவிகளில் சோம்பலின் உடன்பிறப்பாகவே ஒலிக்கின்றது. ஆயின், உடல் செய்யும் தொழில்களை உற்று நோக்குவோர்க்கு ஓர் உண்மை விரைவிற் புலப்படும். முயற்சி வேறு, இறுக்கம் வேறு. முன்னது காரியத்தை முடிக்கின்றது; பின்னது பெரும்பாலும் காரியத்துக்குக் குறுக்கே நிற்கின்றது. இவ்விரண்டையும் பிரித்தறிவதை உடற்பயிற்சி ஆசிரியரின் வேலையென ஒதுக்கிவிட முடியாது. மனிதன் எவ்வாறு உழைக்க வேண்டும், எவ்வாறு கற்க வேண்டும், எத்தகைய சமுதாயத்தில் வாழ வேண்டும் என்ற வினாக்களோடு பிணைந்த ஓர் ஒழுக்கப் பிரச்சினை அதனுள் அடங்கியுள்ளது.

இப்பிரச்சினையை ஆராய்வதற்குக் கோல்ப் விளையாட்டை எடுத்துக்கொள்வது வாசகர் சிலருக்கு வியப்பளிக்கலாம். ஸ்கொத்லாந்தின் கடற்கரை மணல்மேடுகளில் வளர்ந்த அவ்விளையாட்டு, பிரித்தானிய ஆட்சியின் பின்னே உலகமெங்கும் சென்றது. கொழும்பில் 1879ஆம் ஆண்டிலும், நுவரெலியாவில் அந்நூற்றாண்டு முடிவதற்குள்ளும் அதற்கெனக் கழகங்கள் தோன்றின. துரைமார் பந்தடித்த புற்றரைக்கு அப்பால், அம்மலைநாட்டின் சரிவுகளிற் கொழுந்து கொய்த கைகளுக்கு அப்புற்றரையில் இடமிருக்கவில்லை. அத்தகைய விளையாட்டிலிருந்து நாம் கற்கத் தக்கது யாது என்று கேட்பது நியாயமே. ஆனால், ஒரு கலை யாருடைய கையிற் சிக்கியுள்ளது என்பது ஒரு வினா. அதனுள்ளே பொதிந்துள்ள உண்மை யாது என்பது மற்றொரு வினா. அரசவைச் சோதிடர்களிடம் வளர்ந்தது என்பதற்காக வானசாஸ்திரத்தை நாம் துறந்துவிடவில்லை.

முதலில் அவ்வுண்மையைப் பார்ப்போம்.

கோல்ப் பந்தின் எடை 46 கிராமுக்கு மேற்படுவதில்லை. அது அசையாமல் தரையிற் கிடக்கின்றது. எதிரி எவரும் அதனை எறிவதில்லை. ஆட்டக்காரனைத் துரத்துவோரும் இல்லை. இருப்பினும், புதிதாகக் கோலைப் பற்றுபவனுக்கு நிகழ்வது என்ன? தூரத்திலுள்ள குழியைப் பார்க்கின்றான்; பெரும் பலம் வேண்டும் என எண்ணுகின்றான். விரல்கள் கோலை நெரிக்கின்றன, முழங்கை விறைக்கின்றது, தோள்கள் செவியை நோக்கி உயர்கின்றன, மூச்சும் நின்றுவிடுகின்றது. உடல் முழுவதையும் ஒரே முட்டியாக்கிக்கொண்டு அவன் அடிக்கின்றான். பந்து சில முழ தூரம் உருண்டு நிற்கின்றது, அல்லது பக்கத்துப் புதருக்குள் மறைகின்றது. வெட்கமுற்றவன் மறுமுறை இன்னும் பலமாக அடிக்கின்றான். விளைவு இன்னும் மோசமாகின்றது.

இதற்குக் காரணம் உடலின் அமைப்பிலேயே உள்ளது. தசைகள் இழுக்க வல்லவை, தள்ள வல்லவையல்ல. ஆகவே, ஒவ்வொரு மூட்டிலும் எதிரெதிராக இழுக்கும் தசைகள் அமைந்துள்ளன. கையை மடக்கும் தசை சுருங்கும்போது, அதனை நீட்டும் தசை நெகிழ்ந்து வழிவிட வேண்டும். இரண்டும் ஒருங்கே சுருங்கினால் மூட்டுப் பூட்டிக்கொள்ளும். பலம் செலவாகாமல் இல்லை. வேண்டிய அளவு செலவாகின்றது. ஆனால் அது கோலுக்குச் செல்லாமல் உடலுக்குள்ளேயே தன்னைத் தான் எதிர்த்து அழிகின்றது. 1968ஆம் ஆண்டில் பிரித்தானியாவில் கொக்ரன், ஸ்ரொப்ஸ் என்னும் இருவர் வெளியிட்ட ஆராய்ச்சி நூல், கோலின் வீச்சினை ஓர் இரட்டை ஊசலாக விளக்கியது. தோளிலிருந்து ஆடும் கை ஓர் ஊசல். மணிக்கட்டிலிருந்து ஆடும் கோல் மற்றோர் ஊசல். இரண்டுக்கும் இடையிலுள்ள கீல் தடையின்றி அசைந்தாற்றான், கையின் வேகம் உரிய கணத்திற் கோலின் முனைக்குக் கைமாறும். மணிக்கட்டை இறுக்குபவன் அக்கைமாற்றத்தைத் தடுத்துவிடுகின்றான்.

இன்னுமோர் உண்மையும் உண்டு. உயர்த்திய கோல் இறங்கிப் பந்தை அடைய ஏறக்குறையக் கால் விநாடியே செல்கின்றது. கோலும் பந்தும் தொட்டுக்கொண்டிருக்கும் நேரமோ ஒரு விநாடியின் 2,000இல் ஒரு பங்கு அளவினது. இடையிலே மனம் புகுந்து திருத்துவதற்கு அவகாசமேது? புறப்பட்ட வீச்சை மேற்பார்வை செய்ய இயலாது. பழகிய உடலை நம்பி விட்டுவிடவே இயலும்.

இதனைத் தமது உடலாலேயே நிரூபித்தவர் ஏர்ணஸ்ற் ஜோன்ஸ் என்ற ஆங்கிலேயர். கோல்ப் பயிற்சியாளராகத் தொழில் புரிந்துவந்த அவர், முதலாம் உலக யுத்தத்திற் படைவீரராகப் பிரான்சுக்குச் சென்றார். 1916ஆம் ஆண்டில் அங்கே படுகாயமுற்று, வலக்காலை முழங்காலுக்குக் கீழே இழந்தார். நாடு திரும்பியவர், செயற்கைக் கால் பொருத்துவதற்கு முன்பே, ஊன்றுகோலின் துணையுடன் மைதானத்துக்குச் சென்று, ஒற்றைக் காலில் நின்றபடியே 18 குழிகளையும் 83 அடிகளில் முடித்தார். இரு கால்களும் உடைய சாதாரண ஆட்டக்காரர் பலருக்கு வாழ்நாளெல்லாம் எட்டாத எண்ணிக்கை அது. கால் இப்படி, இடுப்பு இப்படி, தோள் இப்படி என்று உடலைத் துண்டு துண்டாக்கிப் போதித்துவந்த முறையின் அடித்தளத்தையே அவருடைய இழந்த கால் அசைத்துவிட்டது.

பின்னர் ஜோன்ஸ் அமெரிக்காவிற் குடியேறிப் புகழ்பெற்ற ஆசிரியரானார். அவருடைய பாடத்துக்குரிய சாதனம் மிக எளியது. கைக்குட்டையின் ஒரு முனையிற் பேனாக்கத்தி ஒன்றைக் கட்டி, மறு முனையைப் பிடித்து ஆட்டிக் காட்டுவார். கைக்குட்டையைக் கொண்டு எதனையும் நெம்ப முடியாது, தள்ளவும் முடியாது. வீச மட்டுமே முடியும். ஆடும்போது அக்கைக்குட்டை தொய்ந்து கிடப்பதும் இல்லை. கத்தியின் ஓட்டமே அதனை நேராக இழுத்து நிறுத்துகின்றது. சோம்பலுக்கும் இலகுவுக்கும் உள்ள வேறுபாடு இங்கே தெளிவாகின்றது. காரியத்துக்கு வேண்டிய விறைப்பு அக்காரியத்திலிருந்தே பிறக்கின்றது. அதற்கு மேற்பட்ட விறைப்பு வேறெங்கிருந்தோ வருகின்றது. பெரும்பாலும் அச்சத்திலிருந்து வருகின்றது. தோற்றுவிடுவோமோ, பார்ப்பவர் நகைப்பரோ, கைக்கு எட்டியது பறிபோகுமோ என்ற அச்சம் விரல்களில் வந்து குடியேறுகின்றது.

ஆயின், இது கோல்ப் ஆசிரியர்கள் கண்டுபிடித்த புதுமையா? கோடரியால் விறகு பிளப்பவனைப் பாருங்கள். சம்மட்டி வீசும் கொல்லனையும், தோளிலே வலையை மடித்து ஒரு சுழற்சியில் விரித்தெறியும் கடற்றொழிலாளியையும் பாருங்கள். புதியவன் கோடரிப் பிடியை நெரித்து, அரை மணி நேரத்தில் உள்ளங்கை கொப்புளித்து உட்கார்ந்துவிடுவான். பழகியவன் கோடரியை உயர்த்துகின்றான். பின்னர் அதன் பாரமே அதனை இறக்க விடுகின்றான். நாள் முழுவதும் உழைத்தாலன்றி அடுப்பெரியாத மனிதனுக்கு வீண் இறுக்கம் கட்டுபடியாகாது. இலகு என்பது ஓய்வுள்ளோர் கண்ட ஞானம் என்று கருதுவோர், அதனை உழைப்போர் நெடுங்காலமாகத் தம் கைகளிற் சேமித்து வைத்திருப்பதை அறியாதோரே.

சீன ஞானி சுவாங் சூவின் பெயரால் வழங்கும் நூலிலே ஒரு கசாப்புக்காரனின் கதை உண்டு. டிங் என்னும் அவன் 19 ஆண்டுகளாக ஒரே கத்தியால் மாடுகளை அறுத்தும் அதன் கூர் மழுங்கவில்லை. எலும்போடு மோதாமல், மூட்டுகளின் இடைவெளியை அறிந்து கத்தியைச் செலுத்தியதே காரணம். அதனைக் கண்டு வியந்த பிரபு, வாழ்வைப் பேணும் வழியைக் கற்றுக்கொண்டதாகக் கூறி மகிழ்கின்றார். இக்கதையைத் தலைமுறை தலைமுறையாகப் பலர் வியாக்கியானம் செய்துள்ளனர். இங்கே ஆசான் தொழிலாளி, மாணவன் பிரபு என்பதைக் கவனித்தவர் சிலரே. பிரபு வாழும் கலையைப் பெற்றுக்கொண்டார். கசாப்புக்காரனுக்கு அதனால் என்ன கிடைத்தது என்பதைக் கதை சொல்லவில்லை.

கோல்ப் விளையாட்டின் சரித்திரமும் இதே கதையைத்தான் கூறுகின்றது. அமெரிக்காவின் தலைசிறந்த ஆட்டக்காரராகிய பென் ஹோகன், பைரன் நெல்சன், சாம் ஸ்னீட் ஆகிய மூவரும் 1912ஆம் ஆண்டிற் பிறந்தவர்கள். மூவரும் சிறுவயதிற் செல்வரின் கோற்பையைச் சுமந்தவர்கள். ஹோகனின் தந்தை ஒரு கொல்லர். பணம் கொடுத்துப் பயிற்சி பெற்றோர் பின்னே பை சுமந்து நடந்த சிறுவர்கள், பார்த்தும் பாவனை செய்தும் பழகி, அப்பணத்தால் வாங்க முடியாத வீச்சினைத் தமதாக்கிக்கொண்டனர்.

இவர்கள் வெள்ளையர், ஆகவே, பை சுமந்த கைகள் பின்னர் கிண்ணம் ஏந்த முடிந்தது. தென்னாபிரிக்காவின் டர்பன் நகரிற் பை சுமந்த இந்திய வம்சாவளியினரான பப்வா செவ்கோலத்தின் கதை வேறானது. அவர் கோலைப் பிடித்த விதமே நூல்களுக்கு முற்றும் மாறானது. வலக்கை மேலும் இடக்கை கீழுமாக, எவரும் கற்பிக்காத தலைகீழான பிடி அது. ஆனால் அப்பிடியில் இறுக்கம் இல்லை. அதனைக் கொண்டே அவர் 1959, 1960, 1964 ஆகிய ஆண்டுகளில் ஒல்லாந்தின் பகிரங்கப் போட்டியில் வெற்றி பெற்றார். 1963இல் தமது சொந்த ஊரில் நடைபெற்ற நேட்டால் பகிரங்கப் போட்டியிலும் வென்றார். அன்று மழை பெய்தது. வெள்ளையர் கழக மண்டபத்துக்குள் ஒதுங்கியிருக்க, உள்ளே நுழையும் உரிமையற்ற வெற்றிவீரர் வெளியே மழையில் நின்று கிண்ணத்தைப் பெற்றார். அப்படம் உலகெங்கும் பரவித் தென்னாபிரிக்காவின் இனவெறிக்குச் சாட்சியாயிற்று. 1965இல் அதே போட்டியில் கரி பிளேயரையே அவர் தோற்கடித்தார். அதன்பின் நிறவெறி அரசு அவருக்குப் போட்டிகளின் கதவை அடைத்தது. 1978இல் அவர் காலமானார். அவருடைய மணிக்கட்டு நெகிழ்ந்திருந்தது. இறுகியிருந்தது அவரைச் சூழ்ந்திருந்த சட்டம்.

இவ்விடத்திலே நமது வினா தன் உண்மையான உருவத்தை அடைகின்றது. இறுக்கம் தனிமனிதனின் குறை மட்டுந்தானா? அவன் தானே முயன்று அதனை நீக்கிக்கொள்ள வேண்டும் என்று சொல்லி நாம் ஒதுங்கிவிடலாமா?

சார்ளி சிபர்ட் என்ற அமெரிக்க நீக்ரோ ஆட்டக்காரரை எடுத்துக்கொள்வோம். (அக்காலத்தின் சொல் அது, இன்று அம்மக்கள் தம்மைக் கறுப்பினத்தவர் என்றே அழைத்துக்கொள்கின்றனர்.) அமெரிக்கத் தொழில்முறை ஆட்டக்காரர் சங்கம் 1934ஆம் ஆண்டு தனது யாப்பில் வெள்ளையருக்கு மட்டுமே உறுப்புரிமை என்ற விதியைச் சேர்த்தது, 1961ஆம் ஆண்டின் இறுதியிலேயே அதனை நீக்கியது. அவ்வாண்டின் முற்பகுதியில் வட கரோலினாவின் கிறீன்ஸ்பரோ நகரிற் சிபர்ட் போட்டியிட்டபோது, இரவில் தொலைபேசி மூலம் கொலை மிரட்டல் வந்தது. மறுநாள் ஒரு கூட்டம் அவரைத் தொடர்ந்து வந்து வசை பொழிந்தது. அத்தனைக்கும் நடுவே அவர் ஆடி, நான்காம் இடத்தைப் பெற்றார். ‘தோளைத் தளர்த்து, மூச்சைச் சீராக்கு, பந்தைத் தவிர எதனையும் நினையாதே’ என்ற உபதேசம் நல்லுபதேசமே. அதனை அந்த மைதானத்தில் அந்த மனிதரிடம் சொல்லியிருந்தால் அது கொடிய பரிகாசமாக இருந்திருக்கும். அந்நிலையிலும் அவரால் வீச முடிந்தது அவருடைய பெருமை. அந்நிலையில் அவரை வீச வைத்தது அச்சமுதாயத்தின் சிறுமை.

அச்சத்தை விதைப்போர் ஒருபுறமிருக்க, இலகுவையே இலாபத்துக்குரிய சரக்காக்கியோரும் உளர். அவர்களுள் முதன்மையானவர் பிரெடரிக் வின்ஸ்லோ டெயிலர். 1881இல் அமெரிக்காவின் ரெனிஸ் இரட்டையர் போட்டியில் வென்றவர். பிற்காலத்திற் கோல்பில் மோகம் கொண்டு, புதுவிதக் கோல்களை அமைத்தும் புற்றரை வளர்க்கும் முறைகளைச் சோதித்தும் பொழுது போக்கியவர். தொழிற்சாலையிலோ அவர் கையில் இருந்தது நிறுத்தற் கடிகாரம். 1911இல் வெளிவந்த தமது விஞ்ஞான முகாமை பற்றிய நூலில், பெத்லஹேம் உருக்கு ஆலையின் ஒரு தொழிலாளியைப் பற்றி அவர் எழுதுகின்றார். ஒவ்வொன்றும் 92 இறாத்தல் எடையுள்ள இரும்புப் பாளங்களைச் சுமக்கும் அத்தொழிலாளி, நாளொன்றுக்குப் பன்னிரண்டரைத் தொன் ஏற்றிவந்தான். வேலை நேரத்தின் 57 வீதம் சுமையின்றி இருந்தாற்றான் தசைகள் தேறும் என்று டெயிலர் கணக்கிட்டார். எப்போது தூக்குவது, எப்போது நடப்பது, எப்போது உட்காருவது என்று ஒருவர் கடிகாரத்துடன் நின்று கட்டளையிட, அவன் 47 தொன் ஏற்றினான் என்பது அவர் கூற்று. கூலி 1.15 டொலரிலிருந்து 1.85 டொலராக உயர்ந்தது.

பிற்கால ஆராய்ச்சியாளர் இக்கதையின் விவரங்கள் பலவற்றை மறுத்துள்ளனர். ஆயினும் அதன் உள்ளக்கருத்து ஐயத்துக்கிடமின்றித் தெரிகின்றது. உழைப்பு ஏறக்குறைய நான்கு மடங்காகின்றது; கூலியோ 60 வீதம் மட்டுமே கூடுகின்றது. கோல்ப் ஆசிரியர் கண்ட அதே உண்மையை, தளர்ந்த தசையே மிகுதியாக உழைக்கும் என்பதை, டெயிலரும் கண்டார். ஆனால், மைதானத்தில் அவ்வுண்மையின் பலன் வீசுபவனுக்குச் சேர்கின்றது. ஆலையில் அது மற்றவன் பெட்டிக்குள் விழுகின்றது. அங்கே தளர்ச்சியும் ஒரு கட்டளையே. ‘இப்போது இளைப்பாறு’ என்ற ஏவலுக்குப் பணிந்து இளைப்பாறுபவன் தன் உடலுக்கு உரியவன் அல்லன். இன்றும் பெரிய நிறுவனங்கள் பல தம் ஊழியருக்கு மூச்சுப் பயிற்சியும் தியானமும் போதிக்கின்றன. வேலைப் பளுவைக் குறைக்காமல் மன அழுத்தத்தை மட்டும் குறைக்க முயலும் இவ்வுத்தி, டெயிலரின் கடிகாரத்துக்குப் பூச்சூட்டியது போன்றதே.

நமது மரபிலும் இதற்கொப்பானது உண்டு. பலனிற் பற்று வையாது கருமம் செய் என்பது உயர்ந்த போதனை. பந்து எங்கே விழும் என்ற கவலையை விட்டு வீசுபவனே நன்றாக வீசுவான் என்பது அதற்கு ஓர் உதாரணமாகவும் அமையும். ஆனால் அப்போதனையை யார் யாருக்குச் சொல்கின்றார் என்று கேட்க வேண்டும். செய்பவன் தனக்குத் தானே சொல்லும்போது அது மனத்தின் விடுதலை. கூலி கொடுக்க வேண்டியவன் கூலி பெற வேண்டியவனுக்குச் சொல்லும்போது அது சுரண்டலின் சுலோகம்.

எனின், சமுதாயம் மாறும்வரை எவரும் தோளைத் தளர்த்தலாகாது என்பதா நமது முடிவு? அப்படிச் சொல்வோரும் உளர். இரவு பகலாக நரம்பு முறுகி நிற்பதையே கொள்கைப் பற்றின் அடையாளமாகக் கருதும் தோழர்களை நாம் அறிவோம். அவர்களின் நேர்மை மதிக்கத் தக்கது. ஆனால் உடலின் விதி இலட்சியவாதிக்கு விலக்களிப்பதில்லை. ஓயாது இறுகிய முட்டி விரைவிற் களைத்துவிடும்; அருகில் நிற்கும் தோழனின் கையைப் பற்றவும் அதனால் முடியாது. தனித்து நிற்கும் தொழிலாளி துரையின் முன்னே செல்லும்போது தொண்டை அடைத்து, கை நடுங்கி நிற்கின்றான். சங்கத்தின் பிரதிநிதியாக, ஆயிரம் பேர் பின்னே நிற்பதை உணர்ந்து செல்லும் அதே மனிதன் நிதானமாகப் பேசுகின்றான். அவனது இறுக்கத்தை நீக்கியது மூச்சுப் பயிற்சியன்று, ஒற்றுமை. அச்சத்தின் காரணத்தைக் கூட்டாக எதிர்ப்பதும் இலகுவைப் பெறும் ஒரு வழியே.

ஆசிரியர்களாகிய வாசகர்க்கு இது வகுப்பறையிலேயே விளங்கும். புலமைப்பரிசில் பரீட்சைக்கென ஓயாது பயிற்றப்படும் பத்து வயதுப் பிள்ளையின் கையைப் பாருங்கள். நகம் வெளுக்கும்படி பென்சிலைப் பற்றியிருக்கும். எழுத்தோ தாளைக் கிழிக்கும். ‘கையைத் தளரவிட்டு எழுது’ என்று சொல்வது எளிது. பிரம்பை மேசைமேல் வைத்துக்கொண்டு அதனைச் சொல்வதிற் பயனில்லை. முதலில் பிரம்பை அகற்ற வேண்டும், பிழை விடுவதற்கு உரிமை தரவேண்டும், பின்னரே பயிற்சி. பயிற்சி வேண்டாம் என்பதன்று. ஜோன்ஸின் வீச்சுக்குப் பின்னே பல்லாண்டுப் பழக்கம் இருந்தது. பழகாத கையின் தளர்ச்சி வெறும் தொய்வு. அஞ்சிய கையின் பழக்கம் வெறும் விறைப்பு. பழக்கமும் அச்சமின்மையும் சேருமிடத்திலேயே இலகு பிறக்கின்றது.

முதலாவதைத் தனிமனிதன் தன் முயற்சியால் தேடிக்கொள்ளலாம். இரண்டாவதை அவன் தனித்துத் தேடிக்கொள்ள முடியாது. அது சமுதாயம் அவனுக்குச் செலுத்த வேண்டிய கடன். 1886இல் சிக்காகோத் தொழிலாளர் எட்டு மணி நேர வேலை நாளைக் கேட்டபோது, உழைப்புக்கும் உறக்கத்துக்கும் புறம்பாகத் தமக்கென எட்டு மணி நேரத்தையும் சேர்த்தே கேட்டனர். அவ்வேளையிற் புத்தகம் படிப்பதோ, பாட்டுக் கேட்பதோ, புற்றரையிற் பந்தடிப்பதோ அவரவர் விருப்பம். அவர்கள் கேட்டது சோம்பியிருக்கும் சலுகையன்று. தம் உடலும் பொழுதும் தமக்கே உரியன என்ற உரிமை. நாளைய உணவு பற்றியும் மேலாளின் முகம் பற்றியும் சாதி நிற இழிவு பற்றியும் அஞ்சாத மனிதன் கோடரியைத் தூக்கினாலும், பேனாவைப் பிடித்தாலும், கோல்ப் கோலை வீசினாலும் அவன் கை இயல்பாக நெகிழ்ந்திருக்கும். அத்தகைய கைகளை எல்லார்க்கும் உரியவையாக்கும் பணியில், நமது கைகளும் வீணே இறுகாமல் நெடுநாள் உழைக்கக் கற்றுக்கொள்ள வேண்டும்.